கில்ட் கட்டிக்கொண்டு பால் வாங்கப் போகிறவர்கள்

எடின்பரோவில் சனிக்கிழமை மத்தியானம் வேவர்லி ரயில் நிலையத்துப் பக்கம் நின்றால் கில்ட் என்கிற, முழங்கால் வரை வரும் கொசுவ உடை அணிந்த ஆண்களை எண்ணி மாளாது. அதில் பாதிக்கு மேல் கல்யாணக் கூட்டம். மாப்பிள்ளை, தோழர்கள், தாத்தா, ஐந்து வயசுப் பையன் வரைக்கும் ஒரே வாடகைக் கடையிலிருந்து வந்த ஒரே கட்டம். திங்கட்கிழமை எல்லாம் உறைக்குள் போய்க் கடைக்குத் திரும்பிவிடும். மீதிப் பேர் ராயல் மைல் தெருவில் பைப் ஊதுகிறவர்கள், விஸ்கிக் கடை வாசலில் நின்று சுற்றுலாப் பயணிகளை வரவேற்கிறவர்கள். அவர்களுக்கு அது வேலைச் சீருடை.

இந்தப் பதிவு அவர்களைப் பற்றி இல்லை. செவ்வாய்க்கிழமை காலையில் பஸ்ஸில் பழைய ஸ்வெட்டர், சேறு காய்ந்த பூட்ஸ், கணுக்கால் வரை சுருட்டிவிட்ட சாக்ஸ், சாம்பல் நிற ட்வீட் கில்ட் என்று உட்கார்ந்து செல்போனில் செய்தி படித்துக்கொண்டிருப்பாரே, அவரைப் பற்றி. சூப்பர் மார்க்கெட்டில் பால் கேனும் ரொட்டியுமாக வரிசையில் நிற்பவரைப் பற்றி. இவர்கள் இன்னும் கொஞ்சம் பேர்தான். ஆனால் நான் இந்த ஊருக்கு வந்த புதிதில் இப்படி ஒருவரைப் பார்த்தால் நின்று திரும்பிப் பார்ப்பேன். இப்போது பார்ப்பதில்லை. கண்ணுக்குப் பழகிவிட்டது. ஓர் உடைக்கு இதைவிட நல்லது எதுவும் நடக்க முடியாது என்று நினைக்கிறேன்.

ஏனென்றால் கில்ட் பிறந்ததே அன்றாட உடையாகத்தான். பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்காட்லாந்தின் மலைநாட்டு ஆண்கள் உடுத்தியது ஒரு நீளமான கம்பளித் துணி. தரையில் விரித்து, கொசுவம் வைத்து, அதன்மேல் படுத்து, பெல்ட்டால் இடுப்போடு இறுக்கிக்கொண்டு எழுந்துகொள்வார்கள். கீழ்ப்பாதி முழங்கால் வரை தொங்கும், மேல்பாதி தோளில் ஏறும். மழை வந்தால் அதுவே தலைக்குப் போர்வை, இரவு மலையில் தங்க நேர்ந்தால் அதுவே படுக்கை. மாடு ஓட்டிக்கொண்டு ஈரச் சதுப்பில் நாள் முழுக்க நடக்கிறவனுக்குக் கால்சட்டை நனைந்தால் காயாது. வெறுங்கால் துடைத்தால் காய்ந்துவிடும். அந்த மண்ணுக்கும் மழைக்கும் ஏற்ற ஏற்பாடு அது.

இன்று நாம் பார்க்கிற சின்ன கில்ட், அதாவது மேல்பாதியை வெட்டிவிட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் நிற்கிற உடை, எப்படி வந்தது என்பதற்கு ஒரு கதை உண்டு. 1720-களில் இன்வர்கேரியில் இரும்பு உருக்கும் உலை நடத்திய தாமஸ் ராலின்சன் என்ற ஆங்கிலேயர், தன் மலைநாட்டுத் தொழிலாளிகள் அந்தப் பெரிய துணியோடு உலைக்கு முன்னால் திண்டாடுவதைப் பார்த்து, அதைச் சுருக்கித் தைக்க வைத்தாராம். ஸ்காட்லாந்துக்காரர்கள் பலருக்கு இந்தக் கதை பிடிக்காது. தேசிய உடையை ஓர் ஆங்கிலேயன் கண்டுபிடித்தானா என்று கொதிப்பார்கள். அதற்கு முன்பே சின்ன கில்ட் இருந்தது என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. 1983-ல் வரலாற்றாசிரியர் ஹியூ ட்ரெவர்-ரோப்பர் இந்தக் கதையை வைத்தே மலைநாட்டுப் பாரம்பரியம் என்பது பெரும்பாலும் பிற்காலத்தில் ஜோடித்தது என்று எழுதி ஒரு பெரிய சண்டையைக் கிளப்பினார்.

எனக்கு அந்தச் சண்டையில் ஆர்வம் இல்லை. கதை உண்மையோ இல்லையோ, இரண்டு தரப்பும் ஒப்புக்கொள்கிற ஒன்று இருக்கிறது: அதை உடுத்தியவன் உழைக்கிறவன். நடக்க, குனிய, சுமக்க வசதியாக இருந்ததால்தான் நின்றது.

அதைப் பறித்தது சட்டம். 1746 ஏப்ரலில் கல்லோடன் போரில், ஸ்டூவர்ட் வம்சத்தை மீண்டும் அரியணையேற்றப் போராடிய ஜேக்கபைட்டுகள் தோற்றதும், அதே ஆண்டு லண்டன் நாடாளுமன்றம் மலைநாட்டு உடைக்குத் தடை போட்டது. முதல் முறை பிடிபட்டால் ஆறு மாதம் சிறை. மறுமுறை பிடிபட்டால் ஏழு வருடம் கடல் கடந்து நாடு கடத்தல். ராணுவத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் விலக்கு. 1782-ல் தடை நீங்கியபோது ஒரு தலைமுறை முழுக்கக் கால்சட்டையில் வளர்ந்து முடிந்திருந்தது. திரும்பிப் போக யாருக்கும் பெரிய அவசரம் இல்லை. அதற்குப் பிறகு கில்ட் வாழ்ந்தது இரண்டே இடத்தில்: ராணுவத்திலும் பெரிய மனிதர்களின் விருந்துகளிலும்.

1822 ஆகஸ்டில் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தார். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் எந்த மன்னரும் எட்டிப் பார்க்காத நாடு. வரவேற்பு ஏற்பாடு முழுக்க நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் கையில். மன்னருக்கு 1,354 பவுண்டு செலவில் மலைநாட்டு உடை தயாரானது. அதை அவர் வெளிர் ரோஜா நிறக் காலுறையோடு போட்டுக்கொண்டு நின்றார். அன்றிலிருந்து கில்ட் ஸ்காட்லாந்து முழுமைக்கும் அடையாளம். தெற்கே, தாழ்நிலத்தில், அதுவரை அதைத் தொட்டும் பார்த்திராத குடும்பங்கள்கூடத் தங்கள் குலத்துக்கு என்று ஒரு டார்ட்டன் கட்டத்தைத் தேடிப் போனார்கள். அடையாளம் ஆனதும் அதற்கு விதிகள் முளைத்தன. இந்த ஜாக்கெட்டுக்கு இந்த ஸ்போரன் (இடுப்புக்கு முன்னால் தொங்கும் பை), பகலில் இது, இரவில் அது, காலுறையில் செருகும் கத்தி எந்தக் காலில் என்று ஒரு பட்டியல். மாடு மேய்த்தவனின் துணி, கண்ணாடிப் பெட்டிக்குள் போனது அப்படித்தான்.

நமக்கு இது புரியாத விஷயம் இல்லை. 2014-ல் சென்னையில் ஒரு கிரிக்கெட் கிளப்பில் வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியை உள்ளே விடவில்லை. அடுத்த மாதமே தமிழக சட்டமன்றம் அதற்கு எதிராகச் சட்டம் போட்டது. கிளப்புக்குள் போகும் உரிமை வந்துவிட்டது, மகிழ்ச்சி. ஆனால் நகரத்தில் செவ்வாய்க்கிழமை காலை ஆபீசுக்கு வேட்டியில் போகிற இளைஞர் எத்தனை பேர்? கல்யாணத்துக்கும் பொங்கலுக்கும் மட்டும் வெளியே வருகிற உடைக்கு மரியாதை இருக்கும், பழக்கம் இருக்காது.

இங்கே அந்தப் பழக்கத்தைத் திரும்பக் கொண்டுவர முயன்றவர்களில் ஒருவர் பெயரைச் சொல்லியே ஆகவேண்டும். ஹோவி நிக்கல்ஸ்பி. அப்பா அம்மா எடின்பரோவில் கில்ட் கடை நடத்தியவர்கள். அவர் 1996-ல் ‘ட்வென்ட்டி ஃபர்ஸ்ட் செஞ்சுரி கில்ட்ஸ்’ என்ற பெயரில் டெனிம், தோல், ட்வீட், கோட்டுத் துணி என்று டார்ட்டன் கட்டமே இல்லாத கில்ட்டுகளைத் தைக்க ஆரம்பித்தார். பக்கத்தில் பாக்கெட் வைத்தார். ஸ்போரன் வேண்டாம், சட்டையும் ஜாக்கெட்டும் உங்கள் இஷ்டம் என்றார். வின் டீசல், ராபி வில்லியம்ஸ் எல்லாம் அவரிடம் வாங்கி அணிந்தார்கள். அதைவிட முக்கியம், அவரே அதை நாள்தோறும் உடுத்தினார். கால்சட்டைக்கு மாற்றாக ஆண்களுக்கு இன்னொன்று வேண்டும், அவ்வளவுதான் என்று பேட்டிக்குப் பேட்டி சொல்லிவருகிறார். முந்தின வருடம்தான் ‘பிரேவ்ஹார்ட்’ படம் வந்திருந்தது. அந்தப் படம் பதிமூன்றாம் நூற்றாண்டு வீரர்களுக்கு, அவர்கள் காலத்துக்கு வெகு பின்னால் வந்த கில்ட்டை மாட்டிவிட்டது வேறு விஷயம். 1997-ல் தனி நாடாளுமன்றத்துக்கான வாக்கெடுப்பு, 1999-ல் நாடாளுமன்றம். ஸ்காட்லாந்து தன்னைத் தானே நிமிர்ந்து பார்த்துக்கொண்ட வருடங்கள் அவை. தாத்தா காலத்து விறைப்பு இல்லாமல் கில்ட் போடலாம் என்ற எண்ணம் அப்போதுதான் பிடித்துக்கொண்டது. ஸ்காட்லாந்து அணியின் கால்பந்து ரசிகர்களான டார்ட்டன் ஆர்மிக்கும் இதில் பங்கு உண்டு. அணியின் ஜெர்சியும் கீழே கில்ட்டுமாக ஆயிரக்கணக்கானோர் ஊர் ஊராகப் போனதால், டை கட்டாமலும் இதை உடுத்தலாம் என்பது உலகத்துக்கே தெரிந்தது.

அமெரிக்காவில் நடந்தது முற்றிலும் வேறு. 2000-ல் சியாட்டிலில் ஸ்டீவன் வில்லேகாஸ் என்பவர் யூட்டிலிகில்ட்ஸ் என்ற கம்பெனியைத் தொடங்கினார். தடித்த பருத்தித் துணி, பெரிய பாக்கெட்டுகள், சுத்தியல் மாட்ட வளையம். குலம், கட்டம், பாரம்பரியம் எதுவும் கிடையாது. தச்சர்கள், மேடை அமைப்பவர்கள், கம்ப்யூட்டர்காரர்கள் வாங்கினார்கள். பிறகு மலையேறுகிறவர்கள் வந்தார்கள். மாதக்கணக்கில் நடக்கும் அப்பலாச்சியன் மாதிரியான நெடும்பாதைகளில் வியர்வையும் தொடை உராய்வும் எவ்வளவு பெரிய கொடுமை என்று நடந்தவர்களுக்குத் தெரியும். அங்கே லேசான துணி கில்ட் ஒரு தீர்வு. ஓர் ஏப்ரல் முதல் தேதியில் ஃபைவ் இலெவன் டாக்டிகல் என்ற கம்பெனி, போலீசுக்கும் ராணுவத்துக்கும் உடை தைப்பவர்கள், கில்ட் விற்கப்போவதாக முட்டாள்கள் தின விளம்பரம் போட்டார்கள். நிஜமாகவே வேண்டும் என்று ஆர்டர்கள் வந்து குவிய, தைத்து விற்றார்கள். 2008-ல் வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த ஒரு தபால்காரர், சீருடையில் கில்ட்டையும் சேர்க்கவேண்டும் என்று தங்கள் சங்க மாநாட்டில் தீர்மானம் கொண்டுவந்தார். தோற்றுவிட்டது. ஆனால் நாள் முழுக்கத் தெருத்தெருவாக நடக்கிற ஒருவர் அதைக் கேட்டார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ராலின்சனின் உலைத் தொழிலாளிக்கு இருந்த அதே தேவை.

வெயிலும் ஒரு காரணமாகிவருகிறது. 2017 ஜூன் வெப்ப அலையில் பிரான்சின் நாந்த் நகர பஸ் டிரைவர்கள், அரைக்கால் சட்டைக்கு அனுமதி இல்லாததால் ஸ்கர்ட் அணிந்து வண்டி ஓட்டினார்கள். அதே வாரம் இங்கிலாந்தின் எக்ஸிட்டரில் ஒரு பள்ளி மாணவர்கள் அதையே செய்தார்கள். கில்ட் இல்லைதான். ஆனால் ஆணின் கால்கள் கட்டாயம் இரண்டு குழாய்க்குள்தான் இருக்கவேண்டுமா என்ற கேள்வி ஒன்றுதான். விந்தணுவுக்கு நல்லதா என்று கேட்பவர்களும் உண்டு. 2013-ல் எர்வின் கொம்பான்யே என்ற டச்சு ஆய்வாளர் ஸ்காட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அப்படி இருக்கக்கூடும் என்று எழுதினார். விதைப்பையின் வெப்பம் பற்றி ஏற்கெனவே தெரிந்ததை வைத்துச் செய்த அனுமானம் அது, கில்ட் அணிந்தவர்களை வைத்து நடத்திய சோதனை அல்ல. அதற்காக யாரும் கில்ட் வாங்கவேண்டாம்.

சரி, உடுத்தினால் எப்படி இருக்கும்? அலுவலக நண்பர் ஒருவரின் கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுத்துப் பழகி, பிறகு பழைய துணிக்கடையில் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். கனமான கம்பளி, கையால் தைத்தது. முதலில் தெரிவது எடை. ஒழுங்கான கில்ட்டில் 8 கஜம் துணி. அதில் பெரும்பகுதி பின்னால் கொசுவமாக அடுக்கியிருக்கும், இருபத்தைந்து முப்பது கொசுவம். ஒவ்வொன்றையும் மடிக்கும்போது கட்டத்தின் கோடு பக்கத்துக் கொசுவத்தின் கோட்டோடு சரியாகச் சேரும்படி மடிப்பார்கள். அதனால் பின்னால் நின்று பார்த்தால் மடிப்பே இல்லாத துணி மாதிரி கட்டம் முழுசாகத் தெரியும். நடந்தால் மட்டும் விரியும். என்னுடையதை உள்பக்கம் புரட்டிப் பார்த்தேன். இடுப்பிலிருந்து இடுப்பெலும்பு வரை கொசுவங்களைக் கண்ணுக்கே தெரியாத தையலால் பிடித்திருக்கிறார்கள். உள்ளே கான்வாஸ் கொடுத்து விறைப்பாக்கியிருக்கிறார்கள். கீழ் ஓரத்தில் மடித்துத் தைத்த அடையாளமே இல்லை. துணியின் கரையே கில்ட்டின் விளிம்பு. தறியிலிருந்து வந்தபடி. பட்டுச் சேலைக் கரையைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அது போதும், தைத்தவர் மேல் மரியாதை வந்துவிடும்.

முன்பக்கம் கொசுவம் இல்லாமல் இரண்டு துண்டு, ஒன்றன்மேல் ஒன்று. தோல் பட்டையும் பக்கிளும் இரண்டு பக்கமும். வலது கீழ் ஓரத்தில் குத்துகிற பின், மேல் துண்டில் மட்டும்தான் குத்தவேண்டும், கீழே சேர்த்துக் குத்தினால் துணி கிழியும். உட்காரும்போது புறங்கையால் பின்கொசுவத்தை ஒரு தடவு தடவி நீவிவிட்டு உட்காரவேண்டும். சேலையும் பாவாடையும் கட்டும் பெண்கள் இதை யோசிக்காமலே செய்வார்கள். ஆண்களுக்குத்தான் கற்றுக்கொள்ள நாளாகிறது. காற்றைப் பற்றி எல்லாரும் பயப்படுகிறார்கள். எடின்பரோ காற்று பொல்லாதது என்பதும் உண்மை. ஆனால் அவ்வளவு கம்பளி லேசில் எழும்பாது. பறப்பதெல்லாம் மெல்லிய பாலியஸ்டர். குளிரும் நினைக்கிற அளவு இல்லை, நீளக் காலுறையும் இடுப்பைச் சுற்றிக் கம்பளி அடுக்கும் இருக்கிறதே. ஆனால் கோடையில் மலைப்பக்கம் போனால் மிட்ஜ் என்கிற கொசுவைவிடச் சின்ன பூச்சி முழங்காலை விடாது. முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளில் இதே கொசுவங்களுக்குள் பேன் புழுத்ததும், சேறு உறைந்த விளிம்பு சிப்பாய்களின் முழங்காலின் பின்பக்கத்தை அறுத்ததும் பதிவாகியிருக்கின்றன. எல்லா இடத்துக்கும் ஏற்ற உடை என்று எதுவும் இல்லை.

இதை நாள்தோறும் உடுத்துகிறவர்களிடம் பேசினால் காற்றும் குளிரும் அவர்கள் பேச்சில் வருவதே இல்லை. அவர்களுடைய குறை மனிதர்களைப் பற்றியது. உள்ளே என்ன போட்டிருக்கிறாய் என்ற கேள்வி. முன்பின் தெரியாதவர்கள், பஸ் நிறுத்தத்தில், வேலையிடத்தில், சிரித்துக்கொண்டே கேட்பது. கேள்வியோடு நின்றால் பரவாயில்லை. குடித்த கூட்டத்தில் ஒருவர் பின்னாலிருந்து தூக்கிப் பார்ப்பது இங்கே வேடிக்கையாகவே எடுத்துக்கொள்ளப்பட்டு வந்திருக்கிறது. இன்வர்னஸில் ஒரு மதுவிடுதியில் பரிமாறும் பையன்கள் கில்ட் அணிந்துதான் வேலை செய்தார்கள். பெண் வாடிக்கையாளர்கள் சிலர் கையை வைக்க ஆரம்பித்ததில், வேண்டாம் என்று கால்சட்டைக்கு மாறினார்கள். தட்டுகளைச் சுமந்து வருகிறவனுக்கு இரண்டு கையும் அடைபட்டிருக்கும். தடுக்கக்கூட முடியாது. இது விளையாட்டு இல்லை, அத்துமீறல். ஒரு பெண்ணுக்கு நடந்தால் எப்படிப் பார்ப்போமோ அப்படியே பார்க்கவேண்டும். அனுமதியில்லாமல் உடைக்குக் கீழே படம் எடுப்பதை 2019-ல் இங்கிலாந்து தனிக் குற்றமாக்கியபோது, ஆண் பெண் வித்தியாசம் இல்லாமல்தான் சட்டம் எழுதினார்கள். ஸ்காட்லாந்தில் அது அதற்கும் முன்பே குற்றம். நம்மில் யாராவது கில்ட் அணிந்த நண்பரிடம் அந்தக் கேள்வியைக் கேட்கத் தோன்றினால், தயவுசெய்து கேட்காதீர்கள். அவர் அதை ஆயிரம் முறை கேட்டு முடித்திருப்பார்.

இன்னொரு தொல்லை விதி சொல்கிறவர்கள். காலுறை வெள்ளையாக இருக்கக்கூடாது, பூட்ஸோடு போடக்கூடாது, டெனிமில் தைத்தால் அது கில்ட்டே இல்லை என்று வழியில் நிறுத்திச் சொல்வார்கள். அவர்கள் காட்டும் விதிகளில் பெரும்பாலானவை விக்டோரியா ராணி காலத்து விருந்து மண்டபங்களில் உண்டானவை. சதுப்பில் நடந்தவனுக்கு அவை தெரியாது. டெனிம் கில்ட்டும், கலிஃபோர்னியாவில் தைக்கிற வெல்க்ரோ கில்ட்டும் (நம் ஊர் ஒட்டிக்கோ கட்டிக்கோ வேட்டியேதான்) கில்ட்தான். என் கட்சி அது.

ஆனால் ஒரு விஷயத்தில் பழைமைவாதிகளோடு நிற்கிறேன். கையால் தைக்கிறவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். பிரிட்டனின் கைவினைத் தொழில்களைக் கணக்கெடுக்கும் ஹெரிடேஜ் கிராஃப்ட்ஸ் அமைப்பு 2021-ல் கில்ட் தைப்பதை அழியும் ஆபத்தில் உள்ளவற்றில் சேர்த்தது. தெருவுக்குத் தெரு கில்ட் கடை இருக்கிற நாட்டில்! ராயல் மைலில் தொங்குகிற விலை மலிந்த அக்ரிலிக் கில்ட்டுகள் ஒருநாள் புகைப்படத்துக்கு ஆனவை, அந்த விலைக்கு நல்ல தையல்காரர் ஒரு கொசுவ வரிசையைக்கூடத் தைத்துத் தர முடியாது. தையல்காரர் ஒருவர் ஒரு கில்ட்டோடு நாள்கணக்கில் உட்கார்கிறார், அதனால் விலை பல நூறு பவுண்டு. அதைக் கல்யாணத்துக்கு மட்டும் வாங்க யாருக்கும் மனசு வராது, வாடகைக்குத்தான் எடுப்பார்கள். வாரம் மூன்று நாள் உடுத்துகிறவன்தான் காசு போட்டு வாங்குவான், பழுது பார்க்கக் கொடுப்பான், மகனுக்குப் பிரித்துத் தைத்துக் கொடுப்பான். செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிற அந்த மனிதர் இல்லாமல் இந்தத் தொழிலுக்கு வாழ்வு இல்லை என்று நான் நம்புவது இதனால்தான்.

கடைசியாக, பிரிட்டனில் இருக்கும் தமிழ் நண்பர்கள் அடிக்கடி கேட்பது: நாம் உடுத்தலாமா, தப்பாக எடுத்துக்கொள்வார்களா? தாராளமாக உடுத்தலாம். இன்னார்தான் அணியவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. 2009-லிருந்து அரசின் டார்ட்டன் பதிவேடு இயங்குகிறது. அதில் குலங்களோடு ஊர்கள், பள்ளிகள், கால்பந்து கிளப்புகள் என்று எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது. சிங் என்ற பெயரில் சீக்கியர்களுக்கான ஒன்றும் உண்டு. குலம் பார்க்கத் தயக்கமாக இருந்தால் எல்லாருக்கும் பொதுவான பிளாக் வாட்ச் கட்டத்தையோ, கட்டமே இல்லாத ட்வீட்டையோ எடுங்கள். முதலில் பழைய துணிக்கடைகளில் தேடுங்கள், நல்ல கம்பளி கில்ட் பாதி விலைக்கும் கீழே கிடைக்கும். புதிதாகத் தைப்பதானால் ஜீன்ஸ் அளவைச் சொல்லிவிடாதீர்கள். கில்ட் நிற்பது தொப்புளுக்கு நேராக, அங்கே எல்லாருக்கும் சுற்றளவு கூடும். கடைக்கு நேரில் போய் அளவு கொடுங்கள், நீளம் முழங்கால் சிப்பியின் நடுவில் வந்து நிற்கவேண்டும்.